வழிமொழியப்படாத எர்த் வயர்

என்னுடைய வாகனம் சும்மா நிற்பதில்லை. அதற்கென்று ஒரு முறை வைத்திருக்கிறது. முதலில் றேடியோ வாயை மூடும். பிறகு முன்னாலிருக்கிற அத்தனை விளக்குகளும் கோயில் திருவிழாப்போல ஒன்றாக எரியும். பிறகு ஸ்ரியறிங் கல்லாகும். கடைசியாக எஞ்ஜின். இவ்வளவும் நடந்து முடிய நாலு விநாடி. அதற்குள் 401 நெடுஞ்சாலையின் நடு லேனிலிருந்து ஓரத்துக்கு வந்துவிட வேண்டும். வந்துவிட்டால் பிழைத்தோம். பதினைந்து நிமிடம் கும்பிட்டுக்கொண்டு இருந்தால், ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி ஸ்ரார்ட் ஆகும்.

வாகனத்தின் பெயர் வல்மேரா. 2011ஆம் ஆண்டுச் சாமான். ஏழு பேர் இருக்கக்கூடிய பெரிய ஜீப் உடம்பு. என்னுடைய பெயர் மாமாங்கம். சொந்த ஊர் மட்டக்களப்பு, இருப்பது டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடி, வயது ஐம்பத்தெட்டு. மிசிசாகாவில் விமான நிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றுகிற வேலை. பிற்பகல் நாலு மணிக்கு ஷிஃப்ட். பஸ்ஸில் போவதென்றால் மூன்று பஸ், இரண்டு மணித்தியாலம். வேலை முடிந்து திரும்பும்போது அந்த மூன்றில் ஒன்று ஓடாது.

சித்திரையில் ஒரு நாள் வல்மேரா நின்றது, பிந்தினேன், எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வைகாசியில் மறுபடி நின்றது, இரண்டாவது கடிதம் வந்தது. மூன்றாவது தடவை பிந்தினால் எச்சரிக்கை வராது, வேலைநீக்கம்தான் வரும் என்று அதில் கோடு போட்டு எழுதியிருந்தார்கள்.

கராஜுக்குக் காட்டவில்லையா என்று கேட்பீர்கள். மூன்று கராஜ் ஏறி இறங்கினேன். ஒருவர் பற்றறியை மாற்றினார். இன்னொருவர் ஓல்ற்றனேற்றரை மாற்றினார். இரண்டு பேரிடமிருந்தும் வெளியே வந்து ஒரு கிழமைக்குள் நின்றது. மூன்றாமவர் எல்லாம் ஓடிப் பார்த்துவிட்டு, "அண்ணை, வண்டி நிக்கேக்க கொண்டு வாங்கோ, அப்பதான் பிழை தெரியும்" என்றார். நிற்கிற வண்டியை எப்படியடா கொண்டு வருவது?

"வேல போனா இந்த வயசில உங்கள ஆரு எடுப்பான்?" என்று மனைவி கோணேஸ்வரி கேட்டாள். "வேல போறது கிடக்கட்டும். நடுறோட்டில நிண்டா ஆள் போயிரும்" என்று அவளே தொடர்ந்தாள்.

அப்போதுதான் என்னோடு பெட்டி ஏற்றுகிற வினோதன் சொன்னான். "அண்ணை, உங்கட வண்டிக்கெண்டே ஒரு சங்கம் இருக்கு. தெரியாதோ?"

உண்மையிலேயே இருந்தது. வட அமெரிக்கத் தமிழ் வல்மேரா உரிமையாளர் பேரவை. பதினைந்து வருடத்துக்கு முன் அருள்நாயகம் என்றொருவர் ஸ்காபரோவில் கார் விற்கிற கடையில் வேலை செய்தார். தமிழர் எவர் கடைக்குள் கால் வைத்தாலும் அவர் தலையில் ஒரு வல்மேராவைக் கட்டினார். அப்படிக் கட்டப்பட்ட நானூறு தலைகள் சேர்ந்து 2015இல் தொடங்கியதுதான் பேரவை. அதற்கு யார் போஷகர், புரவலர், என்று நினைக்கிறீர்கள்? அதே அருள்நாயகம்தான்.

ஓய்வு நாளில் வந்த ஆனி மாதப் பொதுக்கூட்டத்துக்குப் போனேன். கெனடி வீதிப் பக்கம் ஒரு மண்டபம். இரண்டு மணி என்று போட்டிருந்தது. நான் மடையன், ஒன்று ஐம்பதுக்கே போய் நின்றேன். மூன்றரைக்குத் தலைவர் அமிர்தநாதர் வந்தார். எழுபது வயது, சாம்பல் நிறக் கோட்டு, சத்தமே போடாத புத்தம்புது மின்சாரக் கார்.

விளக்கேற்ற ஒன்பது பிரமுகர்களை அழைத்தார்கள். திரி ஐந்துதான் இருந்தது. மற்ற நாலு பேரும் எரிந்துகொண்டிருந்த திரிகளையே இன்னொரு தரம் ஏற்றிவிட்டு இறங்கினார்கள். கனடாக் கீதம். தமிழ்மொழி வாழ்த்து. பிறகு பேரவைக் கீதம். அதில் நாலு சில்லுகளையும் அறம், அன்பு, அறிவு, ஒற்றுமை என்று பாடினார்கள். பிறகு அந்த ஆண்டு பழுதாகிப் பழைய இரும்புக்கு உடைக்கப்போன பதினொரு வல்மேராக்களின் இலக்கத் தகடுகளை ஒவ்வொன்றாக வாசித்து ஒரு நிமிட மௌனம். எனக்குப் பக்கத்திலிருந்தவர் கண்ணைத் துடைத்தார்.

அடுத்தது கௌரவிப்பு. கைத்தடி ஊன்றியபடி ஒரு அம்மாவை மேடைக்கு ஏற்றினார்கள். மன்னாரைச் சேர்ந்த அன்ரனெற் என்று அறிமுகம் செய்தார்கள். அறுபத்தொரு வயது. முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்தவர். தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டு நவம்பர் எட்டாம் திகதி! எல்ஸ்மியர் மிட்லண்ட் சந்தியில இடப்பக்கம் திரும்பேக்க, அன்ரனெற் அவர்களின்ர வல்மேரா நிண்டது. எதிர வந்த ட்றக் நிக்கேல்லை. அண்டைக்கு அவ இழந்தது ஒரு முழங்கால்தான், ஆனால் எங்கட பேரவை பெற்றது ஒரு வரலாறு!"

கைதட்டல். பொன்னாடை. படம். அந்த அம்மாவின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. இறங்கி வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

"இதோட பதினொண்டு" என்றார், பொன்னாடையை மடித்துக்கொண்டே. "பொதுக்கூட்டத்துக்குப் பொதுக்கூட்டம் ஒண்டு போடுவினம். தம்பிக்கும் வண்டி நிக்குதோ?"

"ஓம் அக்கா."

"முதல் றேடியோ போகுமோ?"

எனக்குத் திக்கென்றது. "ஓம்."

"எனக்கும் அப்பிடித்தான்" என்றார் அவர். "றேடியோவில செபமாலை போய்க்கொண்டிருந்தது. பாதியில நிண்டுது. என்னடா எண்டு பாக்கிறதுக்குள்ள ட்றக்."

கேள்வி நேரம் என்று அறிவித்ததும் நான் எழும்பிக் கையை உயர்த்தினேன். வண்டி ஓட்டத்தில் நிற்கிறது, வேலை போகப்போகிறது, யாராவது இதைச் சரிசெய்திருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டேன். இவ்வளவுதான் கேட்டேன். செயலாளர் பத்மநாதன் யாப்பை, அதாவது பேரவையின் சட்டப் புத்தகத்தை, திறந்தார். நாற்பத்தாறு பக்க யாப்பு.

"முறைப்பாடு ஊர்ப் பிரதிநிதிக்குள்ளாலதான் வரவேணும். நீர் எந்த ஊர்?"

"மட்டக்களப்பு."

பத்மநாதன் விரலை நக்கி நக்கிப் பக்கம் புரட்டினார். வடமராட்சி, தென்மராட்சி, வலிகாமம், தீவகம், மன்னார் எல்லாம் தாண்டி விரல் அடியில் போய் நின்றது. "உது 'ஏனைய பிரதேசங்கள்' எண்டதுக்குள்ள வருது. அந்த இடம் இன்னும் நிரப்பேல்லை."

"எப்ப இருந்து?"

"பேரவை தொடங்கின நாளில இருந்து."

"அப்ப நான் ஆருக்கிட்டச் சொல்ற?"

"பிரதிநிதி வந்தவுடன அவரிட்டச் சொல்லும்."

"அவர் எப்ப வருவார்?"

"உங்கட பக்கத்து ஆக்கள் அஞ்சு பேர் எழுத்தில கோரிக்கை குடுத்தால் தேர்தல் வைக்கலாம்."

"கோரிக்கைய ஆருக்கிட்டக் குடுக்கிற?"

"பிரதிநிதியிட்ட" என்றார் பத்மநாதன். சிரிக்கவில்லை. அந்த மனிதர் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தலைவர் பெருந்தன்மையோடு கையை உயர்த்தினார். "பத்மநாதன், வடக்குக் கிழக்கெண்டு பிரிச்சுப் பாக்கப்படாது. நிண்டால் எல்லாருக்கும் ஒரே றோட்டுத்தான். தம்பியின்ர விசயத்தை விசேட அனுமதியில தொழில்நுட்ப உபகுழுவுக்குப் பாரப்படுத்துவம்." மறுபடி கைதட்டல். பாரப்படுத்தியதற்கே கைதட்டினார்கள்.

ஆவணி கடைசியில் உபகுழு எங்கள் கட்டடத்துக்கு வந்தது. ஏழு பேர், ஏழு கோட்டு, ஒரு படப்பிடிப்பாளர். உபகுழுத் தலைவர் ஊரில் தபாலதிபராக இருந்து இளைப்பாறியவர். அவருக்குப் பொனற் திறக்கிற பிடி எங்கே என்று தெரியவில்லை. நான் திறந்து கொடுத்தேன். ஏழு பேரும் வரிசையாக நின்று எஞ்ஜினை எட்டிப் பார்த்தார்கள், கிணற்றுக்குள் விழுந்த வாளியைப் பார்ப்பதுபோல. அந்த நிலையில் படம் எடுக்கப்பட்டது. பிறகு ஸ்ரார்ட் பண்ணச் சொன்னார்கள். பாழாய்ப்போன வண்டி, ஒரு திருப்பிலேயே ஸ்ரார்ட் ஆனது.

"ஸ்ரார்ட் ஆகுதே!" என்றார் தபாலதிபர், என்னைக் கள்ளனைப் பார்ப்பதுபோல் பார்த்து.

"ஐயா, ஓடக்குள்ளதான் நிக்கும். வாங்க, ஒரு சுத்து ஓடிப் பாப்பம்."

"ஓடுற வண்டியில ஏற உபகுழுவுக்கு அதிகாரம் இல்லை."

கோணேஸ்வரி ஏழு பேருக்கும் தேத்தண்ணியும் வடையும் கொடுத்தாள். மூன்று கிழமை கழித்து அறிக்கை வந்தது. அப்படியே தருகிறேன்: "பரிசோதனையின்போது வாகனம் நிற்கவில்லை. எனவே அது நிற்பதாகக் கூறப்படுவது முறைப்பாட்டாளரின் மனநிலை சார்ந்ததாக இருக்கலாம். முதலில் வானொலியே நிற்பதாகக் கூறப்படுவதால், முன்னெச்சரிக்கையாக வானொலியைப் பாவிக்காதிருக்க ஆலோசனை வழங்கப்படுகிறது. வடை சுவையாக இருந்தது."

புரட்டாதியில் சூமில் ஒரு கருத்தரங்கு. 'வல்மேராவின் நிற்றல்: சில சிந்தனைகள்.' மூன்று மணித்தியாலம் இருந்து கேட்டேன். நிற்பதற்கும் நிலைப்பதற்கும் உள்ள உறவைப் பற்றி ஒருவர் ஐம்பது நிமிடம் பேசினார். பொனற்றுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒருவர்கூடப் பேசவில்லை. முடிவில் நான் பொறுமை கெட்டுத் தலைவரிடமே கேட்டேன்.

"ஐயா, உங்கட வல்மேரா நிக்கிறல்லையா?"

"என்னட்ட வல்மேரா இல்லைத் தம்பி. பதினெட்டாம் ஆண்டே குடுத்திட்டன்."

"அப்ப வல்மேரா உரிமையாளர் பேரவைக்கு எப்பிடித் தலைவரா இரிக்கிறீங்க?"

"வருத்தக்காரனே டொக்டராகேலுமோ?" என்றார் அமிர்தநாதர் அன்பாக. "பிரச்சினைக்கு வெளியில நிண்டால்தான் தம்பி, பிரச்சினையை நிதானமாப் பாக்கலாம். எனக்கு ஒரு அவசரமும் இல்லை. அதுதான் என்ர தகுதி."

அந்தக் கிழமை இரண்டு நாள் வல்மேரா நின்றது. இரண்டு தரமும் வண்டியை ஓரத்தில் விட்டுவிட்டு டாக்ஸி பிடித்துச் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அரை நாள் உழைப்பு டாக்ஸிக்குப் போனது. கோணேஸ்வரி என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். நான் வீட்டிலிருந்து புறப்பட்டால் விமான நிலையம் போய்ச் சேர்ந்து போன் எடுக்கும்வரை சுவாமி அறையை விட்டு வெளியே வரமாட்டாள்.

பேரவையின் பத்தாவது ஆண்டு விழா நவம்பர் ஒன்பதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. இரண்டு நாளுக்கு முன்னால் பத்மநாதன் போன் எடுத்தார். அவர் எனக்குப் போன் எடுத்தது அதுதான் முதல் தரம்.

"நீர் விமான நிலையத்தில பெட்டி தூக்கிறனீர்தானே?"

"ஓம்."

"பேரவையின்ர பத்து வருச ஆவணங்களைக் கண்காட்சியா வைக்கிறம். பதினெட்டுப் பெட்டி என்ர வீட்டு நிலவறையில கிடக்கு. எங்களுக்கெல்லாம் நாரி ஏலாது, இடுப்பு வளையாது. நீர் ஏத்திக்கொண்டு வந்தீரெண்டால் 'ஏனைய விடயங்கள்' எண்ட இடத்தில உமக்கு ரண்டு நிமிசம் தரலாம்."

இரண்டு நிமிடத்துக்காகப் பதினெட்டுப் பெட்டி. தூக்கினேன். நானூறு பேர் இருக்கிற மண்டபத்தில் ஒருவருக்காவது பதில் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தேன். இரண்டரைக்குப் புறப்பட்டால் நாலு மணிக்கு வேலையில் நிற்கலாம் என்றும் கணக்குப் போட்டேன்.

அன்று பார்த்து முதல் பனி கொட்டியது. பெட்டிகளோடு மண்டபப் பார்க்கிங்குக்குள் திரும்பும்போது றேடியோ நின்றது. விளக்குகள் எரிந்தன. நாலு விநாடி. உருண்டுபோய் ஒரு ஓரத்தில் நின்றது. சரி, வழக்கமான பதினைந்து நிமிடம்தானே என்று பெட்டிகளை இறக்கினேன். பதினைந்து நிமிடம் கழித்துத் திறப்பைத் திருப்பினேன். மூச்சில்லை. முப்பது நிமிடம். மூச்சில்லை. பன்னிரண்டு ஐம்பதுக்கு டாக்ஸிக்குப் போன் எடுத்தேன். பனியால் இரண்டு மணித்தியாலம் செல்லும் என்றார்கள். பத்மநாதனிடம் ஓடிப்போய், என்னை யாராவது வேலையில் இறக்கிவிடுவார்களா என்று கேட்டேன்.

"விழா முடியட்டும்" என்றார். "இப்ப அந்தப் பெட்டியளை மேசையில அடுக்கும்."

அடுக்கினேன். வேறு என்ன செய்வது? மூன்றாவது தடவை. இருபத்திரண்டு வருட வேலை இந்த மண்டபத்துப் பார்க்கிங்கில் பனி மூடிக்கொண்டு நிற்கிறது. பதினான்காவது பெட்டியின் அடி ஈரத்தில் ஊறிப் பிய்ந்தது. உள்ளே இருந்த கோப்பு முழுவதும் நிலத்தில் கொட்டுண்டது. குனிந்து பொறுக்கினேன். ஒரு தாளில் கையால் கீறிய பற்றறிப் படம் ஒன்று இருந்தது.

மேலே இப்படி எழுதியிருந்தது: "முதலில் றேடியோ நிற்கும். பிறகு எல்லா விளக்கும் எரியும். பிறகு ஸ்ரியறிங் இறுகும். பிறகு எஞ்ஜின் நிற்கும்."

அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

"காரணம்: பற்றறித் தட்டுக்குக் கீழே வண்டியின் இரும்பு உடம்பில் பூட்டியிருக்கிற எர்த் வயர். பனிக்காலத்தில் றோட்டுக்குப் போடும் உப்பு தட்டுக்குள் தேங்கி அதை அரிக்கிறது. மேலே இருந்து பார்த்தால் தெரியாது. தட்டைக் கழற்றி, பத்தாம் நம்பர் ஸ்பனரால் வயரைக் கழற்றி, நன்றாகச் சுரண்டித் துடைத்து, இறுக்கிப் பூட்டவும். பிறகு ஆறுதலாகப் புது வயர் போடலாம். என்னுடைய வண்டியிலும் இன்னும் நாலு வண்டிகளிலும் செய்து பார்த்தேன். எதுவும் மறுபடி நிற்கவில்லை. நேரம்: இருபது நிமிடம். எல்லா உறுப்பினர்களுக்கும் உடனே அறிவிக்கவும். றோய்." 'உடனே' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு. அதற்குக் கீழே சிவப்பு முத்திரை: நிலுவை.

தாளைக் கொண்டுபோய்ப் பத்மநாதனின் முகத்துக்கு முன்னால் பிடித்தேன்.

"ஓ, உதுவோ" என்றார். "எங்கட பழைய உறுப்பினர் றோய் குடுத்தவர். கெட்டிக்காரன், ஆனால் சரியான அவசரக்காரன். இப்ப எட்மன்ரன் பக்கம் போயிட்டார்."

"இத ஏன் ஒருத்தருக்கும் சொல்லல்ல?"

"எப்பிடிச் சொல்றது? முன்மொழிஞ்சது றோய். வழிமொழிஞ்சவர் மார்க்கம் நகரக் கிளை ஆள். அடுத்த கிழமை மார்க்கம் கிளை பிரிஞ்சு வேற பேரவை துடங்கிப்போட்டுது. வழிமொழிஞ்சவர் பிரிஞ்சு போனால் வழிமொழிதலும் பிரிஞ்சு போகும். யாப்பு, பிரிவு பதினேழு."

"வேற ஒருத்தர் வழிமொழியேலாதா?"

"ஒருதர் ஏற்கெனவே வழிமொழிஞ்சதை இன்னொருதர் எப்பிடி வழிமொழியிறது?"

"மார்க்கத்தில சரி சொன்னாங்களா?"

"அவை எடுக்கேல்லை. தாய்ப் பேரவையில சமர்ப்பிச்ச அறிக்கையாம்."

"அப்ப ஒருத்தரும் செய்து பார்க்கவே இல்லையா?"

"அங்கீகரிக்காத ஒண்டை எப்பிடியப்பா செய்து பாக்கிறது?" என்றார் பத்மநாதன். உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்.

அப்போதுதான் மேடையில் அமிர்தநாதரின் குரல் கேட்டது. "இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டு, நவம்பர் எட்டாம் திகதி!" பன்னிரண்டாவது பொன்னாடை. நான் தாளைத் திரும்பப் பார்த்தேன். மேல் மூலையில் றோய் திகதி போட்டிருந்தான். 12.03.2017.

கோபம் என்பதெல்லாம் சின்னச் சொல். இரண்டு வருடமும் எட்டு மாதமும் அந்தத் தாள் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது, அந்த மனுசி அந்தச் சந்தியில் திரும்பும்வரை. அதற்குப் பிறகும் ஆறு வருடம் கிடந்திருக்கிறது. அந்த ஆறு வருடமும் இவர்கள் அவரை மேடையில் ஏற்றி இறக்கிப் படம் எடுத்திருக்கிறார்கள். எனக்கு நாலு மணி மறந்து போனது. மேடைக்கு ஏறினேன். ஒலிவாங்கியைப் பிடுங்கிக் கத்தத்தான் நினைத்தேன். அன்ரனெற் அக்காவைக் கண்டதும் கத்த வரவில்லை. தாளை அவருடைய கையில் கொடுத்தேன்.

அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். றேடியோ என்ற இடத்தில் விரலை வைத்தார். பிறகு விரல் மேலே போனது. தலைவரின் கையிலிருந்த ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார்.

"அமிர்தநாதர், இதில என்ன திகதி போட்டிருக்கு?"

தலைவர் எட்டிப் பார்த்தார். "அது உத்தியோகபூர்வமான திகதி இல்லைத் தங்கச்சி. பேரவை அங்கீகரிச்ச பிறகுதான் ஒரு அறிக்கைக்குத் திகதி வரும்."

"என்ர கால் போகமுதல் இது உங்களிட்ட இருந்ததோ?"

"இருந்தது எண்டு சொல்லேலாது. நிலுவையில இருந்தது."

முன்வரிசையிலிருந்து போஷகர் அருள்நாயகம் எழும்பி, "பிள்ளை, நான் வித்த வண்டியில ஒரு பிழையும் இல்லை. பிழை உப்பிலதான்" என்றார். அவரை யாரும் கேட்கவில்லை.

தலைவருக்கு நிலைமை கைமீறுவது விளங்கியது. குரலைத் தாழ்த்தினார், ஆனால் ஒலிவாங்கி இன்னும் திறந்துதான் இருந்தது. "தங்கச்சி, யோசிச்சுப் பாரும். இருபது நிமிசத்தில சரிவாற விசயமெண்டு சொன்னால் இந்த நானூறு குடும்பமும் இருபது நிமிசத்தில வீட்ட போயிடும். பிறகு ஆர் விளக்கேத்துறது? ஆர் உமக்குப் பொன்னாடை போத்துறது? நாங்கள் பிரச்சினையைத் தீர்க்கேல்லை எண்டு சொல்லாதையும். பத்து வருசம் கட்டிக் காத்திருக்கிறம்!"

பழக்கதோசத்தில் இரண்டு பேர் கைதட்டினார்கள்.

அன்ரனெற் அக்கா ஒலிவாங்கியை விட்டார். கைத்தடியை ஊன்றி, ஒவ்வொரு படியாக இறங்கினார். நான் பின்னால் போனேன்.

"தம்பி, உங்கட வண்டி எங்க நிக்குது?"

"வெளியில அக்கா. செத்துக் கிடக்கு."

"ஸ்பனர் இருக்கோ?"

"இரிக்கி."

"எத்தினை மணிக்கு வேலை?"

"நாலு."

"அப்ப நடவுங்கோ."

இரண்டு இருபது. பனியைத் தள்ளிப் பொனற்றைத் திறந்தேன். பற்றறியைத் தூக்கி வைத்துவிட்டுத் தட்டைக் கழற்றினேன். அன்ரனெற் அக்கா ஒரு கையில் தடியும் மறு கையில் போன் வெளிச்சமுமாக நின்றார். றோய் கீறியிருந்த அதே இடத்தில் அந்த வயர் இருந்தது. சுற்றிவரப் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்கு. மூன்று கராஜும் ஏழு கோட்டும் பார்க்காத இடம். கழற்றி வீட்டுத் திறப்பால் சுரண்டினேன். துடைக்க ஒன்றும் இல்லை. பொக்கற்றில் தேடினேன்.

"இந்தாங்கோ" என்றார் அக்கா. தோளிலிருந்து பொன்னாடையை இழுத்து நீட்டினார்.

"அக்கா, பொன்னாடை..."

"துணிதானே. துடையுங்கோ."

துடைத்தேன். சரிகை நன்றாகத்தான் உரஞ்சியது. செப்பு பளிச்சென்று வந்தது. பூட்டினேன், இறுக்கினேன், பற்றறியை வைத்தேன். உள்ளே ஏறித் திறப்பைத் திருப்பினேன். முதலில் றேடியோ வந்தது. பிறகு எஞ்ஜின். மணி இரண்டு முப்பத்தொன்பது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. றோய் இருபது நிமிடம் என்று எழுதியிருந்தான். ஒரு நிமிடம் மிச்சம்.

நிமிர்ந்து பார்த்தால் மண்டப வாசலில் சனம். கோட்டுக்கூடப் போடாமல் பனிக்குள் வந்து நின்றார்கள். ஒருவர் கிட்ட வந்து, "தம்பி, எனக்கும் உந்த றேடியோதான் முதல்..." என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர். கடைசியாகப் பத்மநாதன் ஓரமாக வந்து என் காதுக்குள் சொன்னார். "கூட்டக் குறிப்பில வராதெண்டால் என்ர வண்டியையும் ஒருக்காப் பாக்கலாமோ?"

அவரை அந்தப் பொன்னாடையாலேயே அறையலாம் என்று கை எழும்பியது.

"தம்பி, நீங்கள் வேலைக்குப் போங்கோ" என்றார் அன்ரனெற் அக்கா. ஸ்பனரையும் றோயின் தாளையும் கையில் வாங்கிக்கொண்டு அவர்கள் பக்கம் திரும்பினார். "பொனற்றைத் திறவுங்கோ எல்லாரும். திறக்கிற பிடி தெரியாத ஆக்கள் கையை உயர்த்துங்கோ. பத்மநாதன், நீர் கடைசி."

மூன்று ஐம்பத்தாறுக்கு வேலையில் நின்றேன். மேற்பார்வையாளர் மணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் வேலைக்குத் திரும்பினார். கோணேஸ்வரிக்குப் போன் எடுத்தேன். அவள் அந்தப் பக்கம் அழுதாள்.

இரண்டு கிழமையில் எனக்குப் பேரவையின் கடிதம் வந்தது. யாப்பின் நாலாம் பிரிவின்படி குறைபாடுடைய வல்மேராவின் உரிமையாளரே உறுப்பினராகலாம். எனது வாகனத்தின் குறைபாடு அனுமதியின்றி நீக்கப்பட்டுவிட்டதால் உறுப்புரிமை தானாகவே செயலிழக்கிறது. இதுவரை ஆற்றிய சேவைக்கு, குறிப்பாகப் பெட்டிகளுக்கு, நன்றி.

அன்ரனெற் அக்காவுக்கும் ஒரு கடிதம் வந்தது. பேரவையின் பொன்னாடையைப் பொது இடத்தில் மாசுபடுத்தியதற்குப் பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டுமாம். கூடவே ஒரு படிவம். 'விளக்கம்' என்று தலைப்புப் போட்டு முழுப் பக்கம் வெறுமையாக விட்டிருந்தார்கள்.

அவர் அந்தப் பக்கத்தின் நடுவில் 12.03.2017 என்று மட்டும் எழுதினார். கறுப்பு அழுக்குப் பிடித்த பொன்னாடையைக் கழுவாமல் மடித்து, இரண்டையும் ஒரு பொதியாகக் கட்டினார். தபால் கந்தோருக்குப் போக என்னைக் கூப்பிட்டார்.

"எல்ஸ்மியரால போங்கோ தம்பி" என்றார்.

"சுத்திப் போகலாமே அக்கா."

"இல்லை. அதாலயே போங்கோ."

மிட்லண்ட் சந்தியில் இடப்பக்கம் திரும்புவதற்காக நின்றேன். எதிரே ஒரு ட்றக் வந்துகொண்டிருந்தது. அக்கா ஒரு கையால் பொதியையும் மறு கையால் கதவுப் பிடியையும் இறுக்கிப் பிடித்திருந்தார், கண் றேடியோவில் இருந்தது. ட்றக் கடந்ததும் திரும்பினேன். றேடியோ பாடிக்கொண்டே வந்தது.